பரிசில் நீட்டித்தல்: முகம் காணாப் பதிப்புப் பணியும் நம் வழக்கங்களும்

தமிழில் இன்று ஒரு நூல் உருவாகும் விதத்தைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பதிப்பாளர் சென்னையில் இருக்கிறார். மொழிபெயர்த்தவர் திருநெல்வேலியில் இருக்கிறார். மெய்ப்புப் பார்த்தவர் தஞ்சாவூரில், பக்கங்களை வடிவமைத்தவர் கோவையில், அட்டை வரைந்தவர் புதுச்சேரியில். இவர்களுள் ஒருவர் முகத்தை மற்றவர் பாராமலேயே நூல் அச்சாகி, சனவரி மாதத்துச் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துசேர்ந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் குறையேதும் இல்லை. மாதச் சம்பளத்திற்கு மெய்ப்புத் திருத்துநரையும் செம்மையாக்குநரையும் அமர்த்திக்கொள்ளும் வசதி நம் பதிப்பகங்களுள் மிகச் சிலவற்றுக்கே உண்டு. ஆகவே, வேலைக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே செய்துதருபவர்கள், ஃப்ரீலான்சர் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே அவர்கள்தாம், தமிழ்ப் பதிப்புலகின் பெரும்பாரத்தைச் சுமக்கிறார்கள். தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்துவிட்டு, ஆசிரியப் பணிக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டே, இந்த வருவாயில் வாடகையும் மளிகையும் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களை ஆண்டுதோறும் நாம் வகுப்பறையிலிருந்து வழியனுப்பிவைக்கிறோம். பிறகு அவர்கள் நம்மிடம் வந்து சொல்பவற்றில் பணம் போதவில்லை என்ற குறை இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது மனக்கசப்பு. பதிப்பாளர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களிடமும் அதே அளவு கசப்பு இருக்கிறது.

ஒருவரை ஒருவர் பாராமல் வேலை செய்வதால் வந்த வினை இது என்று இருதரப்பாரும் சொல்கிறார்கள். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமல் விடும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாகவே உண்டு. நேரில் பழகிய காலத்தில் ஒரு தேநீரும் ஒரு சிரிப்பும் அதை மறைத்துக்கொண்டிருந்தன. தொலைவு வந்ததும் மறைப்பு நீங்கிவிட்டது, அவ்வளவுதான்.

தொலைவு நம் பதிப்பு வரலாற்றுக்குப் புதிதும் அன்று. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில்தான் சீவக சிந்தாமணி சென்னையில் அச்சாகி 1887இல் வெளிவந்தது. இரயிலையும் அஞ்சலையும் நம்பி நடந்த வேலை அது. எந்த ஊரிலிருந்து யார் ஏட்டுச்சுவடி கொடுத்தார், யார் உடனிருந்து உதவினார் என்பதைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் அவர் பெயர் பெயராக எழுதிவைத்திருக்கிறார். உதவியவர்களின் கணக்கை அவ்வளவு துல்லியமாக வைத்திருந்த ஒருவரின் வழிவந்தவர்கள் என்று பெருமைப்படும் நாம், ஒரு மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு ஊதியம், எந்தத் தேதியில் என்று ஒரு வரி எழுதுவதற்குக் கூச்சப்படுகிறோம்.

அந்தக் கூச்சத்திற்கு நாம் சூட்டும் பெயர் நட்பு. கேட்டால் பிசிராந்தையாரைச் சொல்வோம். உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் இருந்த ஆந்தையாரும் சந்திக்காமலேயே நண்பர்களாயினர், சோழன் வடக்கிருந்தபோது அவருக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னான், அவரும் வந்தார். உலக இலக்கியங்களிலேயே இதற்கு ஈடு சொல்வது அரிது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இருவருக்கும் இடையில் முடித்துத்தர வேண்டிய வேலை எதுவும் இருக்கவில்லை. ஒருவர் மற்றவருக்கு முந்நூறு பக்க நாவலை மூன்று மாதத்தில் மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கவுமில்லை. கொடுக்கல் வாங்கல் இல்லாத நட்பின் இலக்கணத்தைக் கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்தில் வைத்தால், கொடுக்க வேண்டியவருக்கு வசதியாகவும் பெற வேண்டியவருக்கு வாய்ப்பூட்டாகவும் அது ஆகிவிடுகிறது.

நாம் பேசும் பொருளுக்கு உரிய பாட்டு புறநானூற்றிலேயே வேறு இருக்கிறது. 208ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் மலைகளைக் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணப் போகிறார். அவன் அவரைக் காணாமலேயே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுத்துவிடுகிறார். பரிசில் சிறிதென்பதால் மறுக்கவில்லை. தம் தகுதியின் அளவை அறிந்து விரும்பித் தருவதாயின் தினையளவே ஆயினும் தமக்கு இனிது என்கிறார். பொருளை அனுப்பியவன் புலமையைப் பார்க்கவில்லை என்பதுதான் அவர் குறை. நம் காலத்திற்கு இதை இப்படிப் பொருத்திக்கொள்ளலாம்: வேலை தருபவர் செய்பவரின் முகத்தைக் காண வேண்டிய கட்டாயம் இல்லை, அவர் செய்த வேலையைக் காண வேண்டிய கட்டாயம் உண்டு.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. பரிசில் நீட்டித்த அதே அதியமானை நோக்கி ஔவையார் பாடியதும் புறநானூற்றில் உண்டு. காலம் தாழ்த்துவதைக் குறிக்கும் சொல்லே ‘நீட்டித்தல்’. பரிசில் வேண்டி நிற்பதைப் ‘பரிசில் கடாநிலை’ என்று ஒரு துறையாகவே நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. உழைப்புக்கு உரியதைக் கேட்பது பாடத்தக்க செயல் என்று கருதிய மரபு இது. இதைத் தேர்வுக்குப் படித்து எழுதிய மாணவர்கள்தாம் இன்று, ‘சார், அந்தப் பணம்...’ என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் வாட்ஸ்அப்பில் அழித்துவிடுகிறார்கள்.

வேலை தொடங்குமுன் பணம் பற்றிய பேச்சு எப்படி முடிகிறது? ‘பார்த்துச் செய்வோம்’ என்கிறார் பதிப்பாளர். ‘உங்களுக்குத் தெரியாததா’ என்கிறார் மற்றவர். இருவர் மனத்திலும் ஒவ்வொரு தொகை இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நேரில் இருந்தால் முகக்குறிப்பிலிருந்து கொஞ்சம் ஊகித்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் அதற்கும் வழியில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பதிப்பாளர்களே தங்கள் நலன் கருதித் தெரிந்துகொள்வது நல்லது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம், நிரூபிப்பதுதான் கடினம். ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் கறாரானது. பதிப்புரிமையை ஒருவர் மற்றவருக்கு உரிமைமாற்றம் செய்வதாயின் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. அந்த எழுத்தில் காலவரம்பு குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். பதிப்பகத்தின் ஊழியராக இல்லாத ஒருவர் செய்துதந்த மொழிபெயர்ப்பைக் கடிதம் ஏதுமின்றி இருபது ஆண்டுகளாக மறுபதிப்பு செய்துகொண்டிருப்பவர், தம் காலடியில் எவ்வளவு தளர்ந்த மண் இருக்கிறதென்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

காலம் தாழ்த்துவதற்கும் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டவருக்கு, அவர் தனியொருவராயினும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் கூட்டுவட்டி உண்டு. நியூயார்க் நகரில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் நேரடியானது: தனித்துப் பணிசெய்பவரிடம் 800 டாலரோ அதற்கு மேலோ பெறுமான வேலை வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் தந்தாக வேண்டும், அதில் தேதி குறிக்கப்படாவிட்டால் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். நூலகம் நூலகமாக ஏறி இறங்கும் நம் சிறு பதிப்பாளரை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எழுதிவைப்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்ற எண்ணம் உலகில் வேறெங்கும் செல்லுபடியாகாது என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறோம்.

எழுதிவைக்க வேண்டியது தொகை மட்டுமன்று. தொகைக்கு முன்னால் அளவு இருக்கிறது. மெய்ப்புக்குப் பக்கத்திற்கு இவ்வளவு என்கிறோம். எந்தப் பக்கம்? டெமி அளவில் வடிவமைத்த பக்கமா, வேர்ட் கோப்பின் ஏ4 பக்கமா? முன்னதில் கொள்ளும் சொற்களைவிடப் பின்னதில் கொள்பவை மிகுதி. மொழிபெயர்ப்புக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்கிறோம். எந்த மொழியின் சொல்? ‘வந்திருக்கமாட்டார்கள்’ என்பது தமிழில் ஒரு சொல். அதே கருத்துக்கு ஆங்கிலத்தில் ஐந்து சொற்கள் வேண்டும். நம் மொழியின் ஒட்டுநிலை இயல்பினால் மூலத்தின் சொற்கணக்கும் தமிழின் சொற்கணக்கும் ஒருபோதும் ஒத்துவாரா. எதை எண்ணுவது என்று முதலிலேயே சொல்லாதவர்கள் கடைசியில் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இருவருமே நேர்மையாகத்தான் எண்ணியிருப்பார்கள்.

மெய்ப்பு எத்தனை முறை என்பதும் அப்படித்தான். இரண்டு மெய்ப்பு என்று பேசியிருப்பார்கள். முதல் மெய்ப்பு முடிந்தபின் நூலாசிரியர் புதிதாக இருபது பக்கம் எழுதிச் சேர்ப்பார். அது யார் கணக்கு? ஒற்று மிகுமிடங்களில் பதிப்பகத்தின் வழக்கம் என்ன, கிரந்த எழுத்துகள் ஏற்கப்படுமா, பிறமொழிப் பெயர்களில் ஆய்தம் இடலாமா, ‘கொண்டிருந்தான்’ என்பதைச் சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா, இவற்றுக்கு ஒரு பக்க விதித்தாள் இருந்தால் பாதிச் சண்டை வராது. ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பின்பற்றுவோம் என்று ஒரு வரி எழுதிக்கொண்டாலும் போதும். 1992இல் வெளிவந்த அந்த அகராதி, இக்காலத் தமிழுக்கென்று எழுந்தது. எழுத்துருவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றபின்னரும் வடிவமைப்பாளர் பலர் பழைய எழுத்துருக்களில் பணிசெய்கின்றனர். மாற்றும்போது சிதையும் எழுத்துகளுக்கு யார் பொறுப்பு என்று பேசப்படாததால், மெய்ப்புப் பார்த்தவர் தலையில் அந்தப் பழி விழுகிறது.

அடுத்தது மௌனம். அச்சகத்தில் அச்சுக்கோப்பவரும் மெய்ப்புப் பார்ப்பவரும் அடுத்தடுத்து அமர்ந்திருந்த காலத்தில், ஐயம் வந்தால் தலையைத் திருப்பிக் கேட்டுவிடலாம். இன்று ஒருவர் ஒரு மாத உழைப்பைக் கோப்பாக்கி அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்குறி விழுகிறது. பிறகு பத்து நாள் ஒன்றுமில்லை. அந்தப் பத்து நாளில் அனுப்பியவர் மனத்தில் எழுதப்படும் புதினத்தில் பதிப்பாளர் கொடியவராகிவிடுகிறார். உண்மையில் அவர் தாளின் விலையேற்றத்தோடு மல்லாடிக்கொண்டிருப்பார். ‘கோப்பு வந்தது, 20ஆம் தேதிக்குமேல் படித்துவிட்டு எழுதுகிறேன்’ என்று எழுத அரை நிமிடம் ஆகும். முகம் காணாத உறவில் அந்த ஒரு வரிதான் முகம்.

நாம் அறிந்த இரு நிகழ்ச்சிகளைச் சொன்னால் விளங்கும். நம்மிடம் படித்த ஒருவர் ஒரு பதிப்பகத்துக்காக நாவலொன்றை மொழிபெயர்த்தார். அனுப்பிய அன்றே ‘பிரமாதம்’ என்று குரல் பதிவு வந்தது. முன்பணமும் வந்திருந்தது. நூல் வெளிவந்து, கடையில் வாங்கிப் புரட்டியபோதுதான் முதல் இரண்டு அத்தியாயங்கள் வேறொருவரால் திருத்தி எழுதப்பட்டிருப்பதை அவர் அறிந்தார். திருத்தங்களுள் சில நல்லவை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தம்மிடம் ஒரு சொல் கேட்கவில்லை என்பதை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. அதன்பின் அவர் எதையும் மொழிபெயர்க்கவில்லை. தமிழுக்கு அது இழப்பு.

இன்னொருவர், வேறொரு பதிப்பாளர். முதல் அத்தியாயத்தை அனுப்பியதும் அது மாற்றங்கள் குறிக்கப்பட்ட கோப்பாக, நாற்பது கேள்விகளோடு திரும்பி வந்தது. பாராட்டு என்று ஒரு சொல்லும் இல்லை. ‘மூலத்தில் இந்த இடத்தில் எள்ளல் இருக்கிறதே, தமிழில் எங்கே போயிற்று?’ என்பது போன்ற கேள்விகள். முதல் நாள் அவருக்கு அழுகை வந்ததாம். இரண்டாம் நாள், தம் எழுத்தை ஒருவர் இவ்வளவு கூர்ந்து படித்திருக்கிறார் என்பது உறைத்ததாம். ஆறு ஆண்டுகளாக அவர்கள் சேர்ந்து பணிசெய்கிறார்கள். இன்றுவரை நேரில் சந்தித்ததில்லை. பெருஞ்சித்திரனார் வேண்டியது இந்தக் காணுதலைத்தான் என்பது நம் துணிபு.

பதிப்பாளர் தரப்பையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நடுவுநிலை தவறியதாகும். மூன்று மாதம் என்று வாக்களித்துவிட்டு ஏழாம் மாதத்தில் தொலைபேசியை அணைத்துவைப்பவர்கள் நம்மவரிடையே இருக்கிறார்கள். புத்தகக் காட்சிக்கு அறிவிப்பு வந்தபின், திசம்பர் கடைசி வாரத்தில், ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை’ என்று செய்தி வரும். பாட்டிக்கு உண்மையிலேயே உடல்நலமின்றி இருக்கலாம். ஆனால் பாதி அத்தியாயம்கூட முடியவில்லை என்பது அக்டோபரிலேயே தெரிந்திருக்கும். தாமதம் மனித இயல்பு, பொறுத்துக்கொள்ளலாம். அறிவிக்காத தாமதம் அடுத்தவரின் அச்சக முன்பணத்தையும் கடன் வட்டியையும் தொடுகிறது. இப்போது இதனினும் பெரிதாக ஒன்று வந்திருக்கிறது. எந்திரத்தில் இட்டு எடுத்த மொழிபெயர்ப்பை லேசாகத் தட்டிக்கொட்டித் தம்முடையதென்று அனுப்புவோரைப் பற்றிய முறையீடுகள் நம் காதுக்கு வரத் தொடங்கிவிட்டன. கருவியைப் பயன்படுத்துவதா கூடாதா என்பது தனி விவாதம். பயன்படுத்தியதைச் சொல்லாமல் முழு ஊதியம் பெறுவது பொய் என்பதில் விவாதமே இல்லை. முகம் காணாத இடத்தில் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் ஒட்டவைக்க வேறு பொருள் கிடையாது.

ஆகவே வேலையைச் செய்பவருக்கும் சில கடமைகள் உண்டு. முழு நூலையும் முடித்துக்கொண்டு வெளிப்படுவதைவிட முதல் அத்தியாயத்தை முதலில் அனுப்பித் திசை சரியா என்று கேட்க வேண்டும். ஐயங்களைப் போகிறபோக்கில் நாளுக்கு நான்கு செய்தியாக அனுப்பாமல் தொகுத்து ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். நாள் தவறும் என்று தோன்றிய அன்றே சொல்லிவிட வேண்டும். தம்மால் இயலாத துறை நூலாயின், மறுக்கத் தெரிய வேண்டும். ஒரு வேலையை மறுத்ததால் கெட்ட உறவைவிட ஏற்றுக்கொண்டதால் கெட்ட உறவுகளே மிகுதி.

பணத்துக்கு அடுத்தது பெயர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நினைவுக்கு வருகிறது. உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் காணாமலேயே, நம் இலக்கியங்களை மின்வடிவில் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வழங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். ஒரு காசு கைமாறாத வேலை. ஆயினும் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர் இருக்கும். அந்த நூல்களை நம் வகுப்பறைகளில் பயன்படுத்தும்போதெல்லாம் அப்பெயர்களும் கண்ணில் படுகின்றன. பணம் கொடுத்து வேலை வாங்கும் நம் பதிப்பகங்களின் உரிமைப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். மெய்ப்புப் பார்த்தவர் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. மொழிபெயர்ப்பாளர் பெயர்கூட அட்டையில் இல்லாத நூல்கள் இன்றும் வருகின்றன. ஐரோப்பிய இலக்கிய மொழிபெயர்ப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பு 2011இல் வகுத்த ஆறு நெறிகளுள், பேசிய தொகையில் மூன்றிலொரு பங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே தர வேண்டும் என்பது ஒன்று. மொழிபெயர்ப்பாளரின் பெயர் உரிய இடத்தில் வர வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு வரி இடம் போதும்.

‘முந்நூறு படி அச்சிடும் பதிப்பகத்திடம் ஐரோப்பாவின் நெறிகளைப் பேசுகிறீர்களே’ என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. தமிழ்ப் பதிப்பு பெரும்பாலும் ஏழைத் தொழில். சிலருக்கு அது தொழிலே அன்று, வீட்டுப் பணத்தைப் போட்டுச் செய்யும் தொண்டு. அதனால்தான் சொல்கிறோம். குறைந்த தொகை அவமதிப்பாகாது. பெருஞ்சித்திரனாரே தினையளவுக்கு உடன்பட்டார். ‘என்னால் இவ்வளவுதான் முடியும், மார்ச் 31க்குள் தந்துவிடுவேன்’ என்று முன்னதாகச் சொல்லப்பட்ட ஐயாயிரம் ரூபாய், ‘நல்லபடியாகச் செய்துவிடலாம்’ என்று ஓராண்டு தொங்கவிடப்பட்ட பத்தாயிரத்தைவிட மதிப்புடையது. முன்னதை வைத்து ஒருவர் தம் மாதத்தைத் திட்டமிட முடியும். தொகை சிறிதென்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்குக் கிடைக்கிறது.

வேண்டுவது ஒரு பக்கக் கடிதம். என்ன வேலை, எதை அளவாக எண்ணுவது, எவ்வளவு தொகை, எந்தெந்தத் தேதியில், எத்தனை முறை திருத்தம், திருத்தங்களை யார் இறுதி செய்வது, உரிமை எத்தனை ஆண்டுக்கு, பெயர் எங்கே வரும், இடையில் நின்றுபோனால் என்ன செய்வது. வழக்கறிஞர் தேவையில்லை, நல்ல தமிழில் பத்து வாக்கியம். அடுத்த புத்தகக் காட்சிக்கான வேலைகளை இப்போதே பலர் பேசத் தொடங்கியிருப்பார்கள். பதிப்பாளர் எழுதத் தயங்கினால் வேலையை ஏற்பவரே, ‘நாம் பேசியதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன், சரிதானே ஐயா?’ என்று எழுதி அனுப்பலாம். ‘சரி’ என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பதில் வராவிட்டாலும் ஒன்று தெரிந்துவிடும். முந்நூறு பக்கம் மொழிபெயர்க்கும் முன்பே அது தெரிந்துவிடுவது நல்லது.